ஐந்து படிகள் பற்றி ஒரு திருத்தம்

கொலையில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் துக்கத்தின் ஐந்து படிகளையும் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) வரிசையாகக் கடப்பார்கள், இன்னும் கோபப்படுகிறவர்கள் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டார்கள் என்று ஒரு கருத்து இருக்கிறது. அது சரியல்ல. மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளை எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசித்தான்; பிள்ளையை இழந்தவர்களை வைத்து அல்ல. பிரேதப் பரிசோதனை அறிக்கையை நீதிமன்றத்தில் வாசிக்கக் கேட்கும் தாய்க்கு, அடங்கிய கோபம் மறுபடி பொங்கத்தான் செய்யும். ஊரே கூட அழுதாலும் அப்படித்தான். தயவுசெய்து அதைக் குறையாகச் சொல்லாதீர்கள். சரிபார்க்க நினைப்பவர்கள் அவருடைய அந்த 1969 நூலான ‘ஆன் டெத் அண்ட் டையிங்’கின் முன்னுரையைப் படித்தாலே போதும். அப்புறம், டேவிட் கெஸ்லருடன் சேர்ந்து எழுதி 2005-இல் வெளிவந்த நூலின் தொடக்கத்திலேயே, எல்லோரும் இந்த நிலைகளை வரிசையாகக் கடப்பதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.