200 ஆம்பியர் மாப்பிள்ளை

(மாமா: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெல்டர். மாப்பிள்ளை: வெல்டிங் ஜெனரேட்டர் வாங்கக் கிளம்பியவர். மாப்பிள்ளையை எந்த நிலையிலும் திட்டக்கூடாது என்று மாமாவுக்கு மகளின் உத்தரவு.)

மாப்பிள்ளை: முடிவு பண்ணிட்டேன் மாமா. வெல்டிங்கும் பண்ணும், கரண்டும் குடுக்கும், ஒரே மெஷின். கரண்ட் போனா வீடு பூரா எரியும்.

மாமா: வீடு பூரா லைட்டு எரியும்னு முழுசாச் சொல்லுங்க மாப்பிள்ளை. வெல்டிங் பேச்சுல பாதில நிறுத்தினா வயித்தைக் கலக்குது.

மாப்பிள்ளை: பெட்டி மேலயே போட்டிருக்கான், 200 ஆம்ப்ஸ், 7000 வாட்ஸ்னு. இதுக்கு மேல என்ன வேணும்?

மாமா: அந்த 7000 ஸ்டார்ட்டிங் வாட்ஸ். மோட்டார் கிளம்புற சில செகண்டுக்குத்தான் தாங்கும். மணிக்கணக்கா எவ்வளவு குடுக்கும்னு பக்கத்துலயே சின்ன எழுத்துல இருந்திருக்குமே, படிச்சீங்களா?

மாப்பிள்ளை: கண்ணாடி கொண்டு போகல மாமா.

மாமா: அதை நம்பித்தான் சின்ன எழுத்துல போடுறாங்க. போகட்டும், என்ன ராடு, அதான் பத்தவைக்கிற குச்சி, ஓட்டப் போறீங்க?

மாப்பிள்ளை: நல்ல ராடுதான்.

மாமா: (மூச்சை இழுத்து விட்டு) சைஸ் கேட்டேன் மாப்பிள்ளை. 12 நம்பர்னா 2.5 மில்லி, 60லேர்ந்து 90 ஆம்ப்ஸ் போதும். கேட்டு, கிரில், சதுரப் பைப்பு எல்லாம் அதுலயே முடிஞ்சிரும். 10 நம்பர்னா 3.15 மில்லி, 90லேர்ந்து 130. ட்ரெய்லர் கொண்டி, ஆங்கிள் வேலைக்கு அது. 8 நம்பர் 4 மில்லி, 140க்கு மேல கேக்கும். தடித் தகடு தினமும் பத்தவைக்கிறவருக்குத்தான் அது. உங்களுக்கு 10 நம்பர் நிம்மதியா ஓடினாப் போதும்.

மாப்பிள்ளை: அப்ப 200 ஆம்ப்ஸ் மெஷின் தாராளம்!

மாமா: 200 எத்தனை பர்சென்ட்ல?

மாப்பிள்ளை: 200ன்னா 200தானே மாமா? நூத்துக்கு நூறு.

மாமா: டியூட்டி சைக்கிள்னு ஒண்ணு இருக்கு. பத்து நிமிஷக் கணக்கு. 35 பர்சென்ட்னா மூணரை நிமிஷம் பத்தவைக்கலாம், ஆறரை நிமிஷம் சும்மா ஓடி ஆறணும். மீறினா காயில் சூடேறும், ஓவர்லோடு சுவிட்ச் வெச்சிருந்தா ட்ரிப் ஆகி நின்னுரும், இல்லேன்னா வார்னிஷ் கருகி வாசனை வரும். 200 ஆம்ப்ஸ் 35 பர்சென்ட்னு போட்டிருந்தா, நிறுத்தாம ஓட்டுறதுக்கு சுமாரா 118தான் நிக்கும். 60 பர்சென்ட்டுக்கு 150 சொச்சம்.

மாப்பிள்ளை: எப்படி மாமா வாயிலயே கணக்கு?

மாமா: சூடு ஆம்ப்ஸோட வர்க்கத்துல ஏறும். 200 இன்ட்டு 200 இன்ட்டு 0.35, அதுக்கு வர்க்கமூலம். 118ல 10 நம்பர் ராடு நாள் பூரா ஓடும். அந்த மட்டுக்கு உங்க மெஷின் சரிதான். ஆனா 200ஐ நம்பி 8 நம்பர் ராடு கட்டுக்கட்டா வாங்கிடாதீங்க.

மாப்பிள்ளை: கேட்டு வாங்கிட்டேன்... ரெண்டு கட்டு.

மாமா: (மகளின் உத்தரவை நினைத்துக்கொண்டு) ...நல்ல ராடு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: திட்டம் இதுதான் மாமா. வயல்ல பம்ப்செட் ஓடிட்டே இருக்கும், பக்கத்துலயே நான் வெல்டிங் பண்ணுவேன், கிரைண்டரும் ஓடும், வீட்டுல ஏசியும்...

மாமா: மெஷின் ஒண்ணா நாலா? எஞ்சின் ஒண்ணுதான். 125 ஆம்ப்ஸ் ஓட்டினா ஆர்க்குல, அதான் ராடு முனையில எரியுற பொறியில, சுமார் 25 வோல்ட், பெருக்கினா 3100 வாட்ஸ் சொச்சம். மெஷினுக்குள்ள சூடாப் போறதையும் சேத்தா எஞ்சின் 5, 6 கிலோவாட் இழுக்கணும். மிச்சத்துல கிரைண்டரும் லைட்டும் தாங்கும். அந்த நேரம் பார்த்து 1 எச்பி பம்ப் கிளம்பினா, ஓடுறப்ப 1.1 கிலோவாட் எடுக்கிறது, கிளம்புறப்ப அதுல மூணு நாலு மடங்கு கேக்கும். வோல்டேஜ் படுத்துரும், ராடு இரும்புல ஒட்டிக்கும், மோட்டார் உறுமிட்டே சூடாகும்.

மாப்பிள்ளை: அப்ப முதல்ல பம்ப்பை ஓடவிட்டுட்டு...

மாமா: தண்ணி பாய்ச்சுற நாள் வேற, வெல்டிங் நாள் வேற. வாங்கும்போது மேனுவல்ல ஒரு அட்டவணை இருக்கும், இத்தனை ஆம்ப்ஸ் வெல்டிங் ஓடினா இத்தனை வாட்ஸ் மிச்சம்னு. அந்த அட்டவணை இல்லாத மெஷின்கிட்டப் போகாதீங்க.

மாப்பிள்ளை: ஏசி வெல்டிங்கா டிசியான்னு கடைக்காரர் கேட்டார். ஏசின்னா குளுகுளுன்னு இருக்கும்னு ஏசின்னுட்டேன்.

மாமா: (தலையில் கைவைத்து, உடனே முடியைக் கோதுவதுபோல் நடித்து) இது கரண்ட் வகை மாப்பிள்ளை. ஏசி திசை மாறி மாறி ஓடும், டிசி ஒரே திசையில ஓடும். டிசி எடுங்க. ஆர்க் சாந்தமா நிக்கும், மெலிசுப் பைப்பு ஓட்டையாகாம பத்தவைக்கலாம். 6013னு ஒரு ராடு வகை, அது ஏசி, டிசி ரெண்டுலயும் ஓடும். 7018னு இன்னொரு வகை, அதுக்கு லோடு இல்லாத வோல்டேஜ், அதாவது பத்தவைக்காம சும்மா ஓடுறப்ப இருக்கிறது, 70 பக்கம் இருந்தாத்தான் ஏசில பிடிக்கும், டிசில தொந்தரவு குறைவு. அந்த ராடு ஈரம் பட்டா பத்தவெச்ச இடத்துல பொத்தல் பொத்தலா விழும், அதை டப்பாவுல இறுக்கி மூடி வைக்கணும்.

மாப்பிள்ளை: டீசல் எஞ்சினே வாங்கிட்டா? கெத்தா இருக்கும்.

மாமா: எடை கேட்டீங்களா? பெட்ரோல்லயே இந்த சைஸ் 100 கிலோ பக்கம். டீசல் அதுக்கும் மேல. தினம் எட்டு மணிநேரம் ஓட்டுறவருக்கு டீசல்ல செலவு மிச்சம். வாரத்துல ஒரு நாள் ரெண்டு பல்பு எரிக்க ஓட்டினா, லோடு பத்தாம டீசல் சரியா எரியாது, சைலன்சர்ல கரியும் எண்ணெயுமா வழியும். உங்களுக்குப் பெட்ரோல். ஆனா மாசக்கணக்கா சும்மா நிக்கப் போகுதுன்னா பெட்ரோல் வர்ற குழாயை மூடி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானா நிக்கிற வரை ஓடவிடுங்க. இல்லேன்னா ஜெட்டுல பிசின் கட்டிக்கும், கயிறு இழுத்து இழுத்து உங்க தோள்பட்டைதான் கழண்டுபோகும். மாசம் ஒருக்கா அரை மணிநேரம் லோடு குடுத்து ஓட்டுங்க. ரொம்ப நாள் சும்மா கிடந்தா காந்த சக்தி போய், எஞ்சின் ஓடும், கரண்ட் வராது.

மாப்பிள்ளை: ஆயில்?

மாமா: முதல் 20 மணிநேரத்துல மாத்துங்க, அப்புறம் 100 மணிநேரத்துக்கு ஒருக்கா. ஆயில் குறைஞ்சா எஞ்சினை நிறுத்துற சென்சார் இருக்கும். வரப்பு மேல சாய்ச்சு வெச்சீங்கன்னா ஆயில் இருந்தும் நின்னுரும். அப்ப சென்சார் வயரைப் பிடுங்காதீங்க, மெஷினை நேரா வைங்க.

மாப்பிள்ளை: கேபிள் மட்டும் சீப்பா ஒண்ணு பாத்திருக்கேன் மாமா. 16 ஸ்கொயர் மில்லிமீட்டர் தடிமன், 20 மீட்டர் நீளம்.

மாமா: போக 20, வர 20, ஆக 40 மீட்டர். 16 ஸ்கொயர் செம்புல 120 ஆம்ப்ஸ் போனா 5 வோல்ட்டு கேபிள்லயே காணாமப் போகும். 25 வோல்ட் ஆர்க்குக்கு அது அஞ்சுல ஒரு பங்கு. கேபிளும் கொதிக்கும். 35 ஸ்கொயர் எடுங்க, ரெண்டரை வோல்ட்டோட போகும். எர்த் கிளாம்பை பத்தவைக்கிற இடத்துக்குப் பக்கத்துல, பெயின்ட் சுரண்டிட்டுப் போடுங்க. டிராக்டர்ல வேலைன்னா பேட்டரி ரெண்டு முனையும், ஆல்டர்னேட்டரும் கழட்டுங்க. பேரிங் வழியா கரண்ட் போச்சுன்னா குண்டெல்லாம் புள்ளி புள்ளியா அரிச்சிரும்.

மாப்பிள்ளை: வீட்டு கனெக்‌ஷனுக்கு நான் ஒரு ஐடியா வெச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச வயர் ஒண்ணு. ஒரு முனை ஜெனரேட்டர்ல, மறு முனை ஹால் சாக்கெட்டுல!

மாமா: (உத்தரவை மறந்து) அட மடையா!

மாப்பிள்ளை: மாமா?

மாமா: ...உங்களை இல்ல மாப்பிள்ளை, அந்த வயரைச் சொன்னேன். கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்பார்மர்ல ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏறும், கம்பத்துல வேலை பாக்கிறவர் செத்துருவார். லைன் திரும்ப வந்தா உங்க மெஷினும் போச்சு. வீட்டை வெளி லைன்லேர்ந்து பிரிச்சு ஜெனரேட்டருக்கு மாத்துற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுத்தான் குடுக்கணும், எலக்ட்ரீசியனை வெச்சு. மெஷின் வீட்டுக்கு வெளில, ஜன்னல்லேர்ந்து குறைஞ்சது 20 அடி தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப் பக்கம் போற மாதிரி. மழைன்னு வராந்தாவுக்குள்ள இழுத்தீங்கன்னா கார்பன் மோனாக்சைடு. வாசனையே தெரியாது, தூங்கினவர் தூங்கினவர்தான்.

மாப்பிள்ளை: வேற வழியே இல்லியா மாமா? 100 கிலோ, 20 அடி, 35 ஸ்கொயர்...

மாமா: இருக்கு. வயல் வேலை எப்பவாச்சும்தான்னா, வீட்டு லைன்ல ஓடுற சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒண்ணு, தனியா ஏவிஆர், அதான் வோல்டேஜை நிலையா வெச்சிருக்கிற கருவி, வெச்ச ஜெனரேட்டர் ஒண்ணு. வெல்டிங் மெஷினை ஒரு கையில தூக்கலாம். கேவிஏன்னா ஜெனரேட்டர் சக்தியோட அளவு, வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தது. 12 நம்பர் ராடுக்கு ஜெனரேட்டர்லேர்ந்து 3 கேவிஏக்குக் கொஞ்சம் மேல இழுக்கும், 10 நம்பருக்கு 5 கேவிஏ. ஆக 6 கேவிஏ ஜெனரேட்டரா வாங்குங்க, அதுவும் ஸ்டார்ட்டிங் கணக்குல இல்ல, ஓடுற கணக்குல. ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணு நிக்கும். தினமும் வயல்லயே வெல்டிங்னாத்தான் ஒரே மெஷின் லாபம். எதுன்னாலும் கடையில உங்க ராடையே கொண்டுபோய், கிரைண்டரையும் சொருகிட்டு, அஞ்சாறு ராடு எரிச்சுப் பாத்து வாங்குங்க.

மாப்பிள்ளை: அதுலதான் மாமா ஒரு சிக்கல். எனக்கு வெல்டிங் வராது.

மாமா: ...அப்ப ராடு யாரு பிடிப்பா?

மாப்பிள்ளை: நீங்க இருக்கீங்களே மாமா!

மாமா: எனக்கு இந்த வயசுல டியூட்டி சைக்கிள் 20 பர்சென்ட் மாப்பிள்ளை. ரெண்டு நிமிஷம் வேலை, எட்டு நிமிஷம் கயித்துக் கட்டில். மீறினா ட்ரிப் ஆயிருவேன், உங்க மாமியார் வந்து ரீசெட் பண்ணாத்தான் எழுந்திரிப்பேன்.