ஜெர்மனியில் அரியர் கிடையாது

ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்பும் பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்பது ஐஇஎல்டிஎஸ் எவ்வளவு, எந்த ஊர், லோன் கிடைத்ததா என்றுதான். சேரப்போகும் படிப்பின் ‘ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்’கைப் படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. தேர்வு விதிமுறை என்று அர்த்தம். பல்கலைக்கழக இணையதளத்தில் பிடிஎஃப்பாகக் கிடக்கும். பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், கூகுளில் போட்டு மொழிபெயர்த்தாவது படித்துவிட வேண்டும். என் கணக்கில், சேர்க்கைக் கடிதத்தை விட முக்கியமான தாள் அது.

நம் பொறியியல் கல்லூரிகளில் அரியர் என்பது வாழ்க்கையின் ஒரு பகுதி. மூன்றாம் செமஸ்டரில் விட்டதை ஏழாம் செமஸ்டரில் எழுதிக் கிளியர் செய்துகொள்ளலாம். அந்தப் பழக்கத்தோடு விமானம் ஏறுகிறவர்களுக்குத்தான் அங்கே அடி விழுகிறது. ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தோற்றால் ‘இறுதித் தோல்வி’ என்று பதிவாகி, படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அதோடு போகாது. அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. புதிதாக விண்ணப்பிக்கும் இடத்தில் ‘இதற்கு முன் இறுதித் தோல்வி உண்டா’ என்று கேட்டு எழுதி வாங்குவார்கள். குடியிருப்பு அனுமதி படிப்போடு ஒட்டியது என்பதால் அதற்கும் சிக்கல் வரும். சில இடங்களில் முயற்சிக்கு எண்ணிக்கை இல்லை. பதிலாக, இத்தனையாவது செமஸ்டருக்குள் இத்தனை கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்பார்கள். எது உங்கள் படிப்புக்குப் பொருந்தும் என்பது அந்த பிடிஎஃப்பில்தான் இருக்கிறது.

இன்னொன்று, தேர்வுக்கு நீங்களேதான் பதிவு செய்ய வேண்டும். வகுப்பில் உட்கார்ந்தால் ஹால் டிக்கெட் வரும் என்று காத்திருக்கக் கூடாது. பதிவுக்கு ஒரு சில வாரக் கெடு இருக்கும். அது தாண்டினால் அந்த செமஸ்டரில் அந்தத் தேர்வு இல்லை. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் 5.0 போட்டுவிடுவார்கள், அதாவது ஃபெயில், ஒரு முயற்சி கழிந்தது. தயாராகவில்லை என்றால் கெடுவுக்குள் பதிவை ரத்து செய்யுங்கள். காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அங்கே 1.0 தான் சிறந்த மதிப்பெண், 4.0 கடைசித் தேர்ச்சி. இன்டர்னல் மார்க் கைதூக்கிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். பல பாடங்களில் செமஸ்டர் முடிவில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண்.

நேரக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. செமஸ்டருக்கு 30 கிரெடிட், அதாவது 900 மணி வரை. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் வாரம் 35 மணி நேரம். இதோடு வாரம் 20 மணி நேர வேலையையும் சேர்த்தால் 55. முடியாதது இல்லை. ஆனால் ‘பார்ட் டைம் வேலை பார்த்தே லோனை அடைத்துவிடலாம்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பும் பிள்ளை, முதல் செமஸ்டரிலேயே இரண்டு முயற்சிகளை இழப்பது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

இப்போது விண்ணப்பம். இங்கே பெரும்பாலும் தவறுவது பாடப் பொருத்தத்தில். ஜெர்மன் எம்.எஸ்.ஸில் பெரும்பாலானவை இளங்கலையின் தொடர்ச்சி. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆன்லைனில் பைத்தான் சான்றிதழ் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டால், எஸ்.ஓ.பி., அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று எழுதும் கடிதம், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் நிராகரிப்புதான். கணிதத்தில் இத்தனை கிரெடிட், கோட்பாட்டுக் கணினியியலில் இத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் சிலபஸிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் பெயர், மணி நேரம், யூனிட் வாரியான உள்ளடக்கம் எழுதிய ஒரு கோப்பைத் தயாரித்து, அதை அவர்களது பாடக் கையேட்டோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மாலைப் பொழுது போகும். அந்த இரண்டு மாலையில், வீணாகப் போயிருக்கும் பாதி விண்ணப்பங்கள் மிச்சமாகும்.

மதிப்பெண் மாற்றத்துக்கு ‘பவேரிய சூத்திரம்’ என்று ஒன்று. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். சிஜிபிஏ பத்துக்கு 7.5 என்று வையுங்கள். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் ஜெர்மன் மதிப்பெண் 2.5. தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் அதே 7.5, கிட்டத்தட்ட 2.9 ஆகிவிடும். 2.5 வரை மட்டும் எடுக்கும் படிப்பு என்றால் முதலாமவர் உள்ளே, இரண்டாமவர் வெளியே. இந்தத் தேர்ச்சிப் புள்ளி எங்கே அச்சாகியிருக்கும்? பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில். ஜெராக்ஸ் கடையில் எட்டு செமஸ்டர் ஷீட்டையும் முன்பக்கம் மட்டும் ஸ்கேன் செய்து வாங்கி வந்து அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அங்கே இல்லையென்றால் கல்லூரியில் கேட்டு மதிப்பீட்டு முறைக்கு ஒரு கடிதம் வாங்குங்கள்.

பெயர் விஷயமும் நம் ஊருக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். எந்தப் படிவமாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் போடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே அதைச் சரிசெய்வதுதான் நல்லது. பிறகு பல்கலைக்கழகம், வங்கி, காப்பீடு மூன்றிலும் மூன்று விதமாகப் பதிவாகி, ஒன்றை ஒன்று அடையாளம் காணாமல் நிற்கும்.

தேதிகளுக்கு வருவோம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துக் கொடுப்பது. கட்டணம் 18,000 ரூபாய். விசாவுக்கும் இது வேண்டும், பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பத்திலேயே வேண்டும். சேர்க்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வருடம் போயிற்று. அடுத்தது யூனி-அசிஸ்ட். பல பல்கலைக்கழகங்கள் இதன் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பணம் போய்ச் சேரும் வரை கோப்பைத் தொட மாட்டார்கள். சரிபார்க்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதனால் கெடுவுக்கு எட்டு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு மார்ச்சிலும் மே மாதத்திலும் மூடும் படிப்புகள் நிறைய.

இதெல்லாம் கஷ்டம் என்றுதான் கன்சல்டன்சிக்குப் போகிறார்கள். பெற்றோர்களுக்குச் சொல்கிறேன்: மேலே சொன்னதில் ஆள் பலம் தேவைப்படும் வேலை எதுவும் இல்லை. எல்லாம் படிவமும் தேதியும்தான். அரசுப் பல்கலைக்கழகம் ஏஜென்டுக்குக் கமிஷன் தருவதில்லை. தனியார் கல்லூரிகள் பல தருகின்றன. அதனால்தான் ‘உங்க பையன் மார்க்குக்கு அரசு யூனிவர்சிட்டி கிடைக்காது சார்’ என்ற பேச்சு வருகிறது. தனியார் கல்லூரிக்குப் போனால் வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. கையெழுத்துப் போடுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்தக் கல்லூரிக்கு அரசு அங்கீகாரம் உண்டா? வகுப்புகள் நேரில் நடக்கின்றனவா? பெரும்பகுதி ஆன்லைன் என்றால், இதற்கு நீ ஏன் ஜெர்மனியில் இருக்க வேண்டும் என்று குடிவரவு அலுவலகம் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஏஜென்ட் பதில் சொல்ல வர மாட்டார்.

‘இலவசக் கல்வி’ என்ற சொல்லையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு பங்களிப்புத் தொகை மட்டும். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் 2017 முதல் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து எம்.எஸ்.ஸுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது, அதுவும் ஒவ்வொரு செமஸ்டருக்கும். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போட்ட குடும்பங்கள் இங்கேதான் திணறுகின்றன.

விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுன்டில், அதாவது மாதாமாதம் ஒரு தொகை மட்டுமே எடுக்க விடும் கணக்கில், 11,904 யூரோ போட வேண்டும். மாதம் 992 வீதம் பன்னிரண்டு மாதம். வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். பணம் கணக்கில் இருக்க வேண்டும். அனுப்பும்போது நடுவில் உள்ள வங்கி இருபது, முப்பது யூரோ பிடித்துக்கொண்டால் தொகை குறைந்து, உறுதிச் சான்று வராமல் நின்றுவிடும். எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பு என்று வங்கிப் படிவத்தில் குறித்து, ஐம்பது யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள். 2025 ஜூலை முதல் விசா நிராகரிப்புக்கு எதிராகத் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் வழியையும் மூடிவிட்டார்கள். மறுபடி விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லினில் வழக்குப் போடலாம். முதல் தடவையே கோப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

அந்த 992 யூரோ எங்கே போகிறது? மாணவர் விடுதியோ சின்ன ஊரில் ஓர் அறையோ கிடைத்தால் 350லிருந்து 450. மியூனிக்கில் 700, 800 கேட்பார்கள், அங்கே இந்தப் பணம் போதவே போதாது. அரசு மருத்துவக் காப்பீடு 150ஐச் சுற்றி. சாப்பாடு, சமைத்துச் சாப்பிட்டால் 200, 220. வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு 18.36, டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். காப்பீட்டில் ஒரு எச்சரிக்கை: மலிவாக இருக்கிறது என்று தனியார் காப்பீட்டுக்குப் போய், அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், படிப்பு முடியும் வரை திரும்ப முடியாது. முதல் சில நாட்களுக்கான பயணக் காப்பீடு வேறு, இது வேறு.

வேலைக்கு வருடத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. 2026இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. கணக்கு இனிக்கும். ஆனால் ஜெர்மன் தெரியாமல் கிடைப்பது கிடங்கு வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும்தான். வெர்க்ஸ்டூடன்ட் வேலைக்கு, அதாவது படிப்போடு தொடர்புள்ள கம்பெனி வேலைக்கு, ஜெர்மன் மொழியில் பி1 நிலை (ஏ1, ஏ2வுக்கு அடுத்த படி) இருந்தால்தான் பல இடங்களில் கதவு திறக்கும். கடைசி வருடத்தில் ஏ2 வரையாவது இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். படிப்பை ஆங்கிலத்தில் முடித்துவிடலாம். வீட்டு ஓனரிடமும் நேர்முகத் தேர்விலும் ஆங்கிலம் எவ்வளவு தூரம் ஓடும்?

கடைசியாக வீடு. போய் இறங்கியபின் எல்லாத் தாளும் ஒரே ஒரு தாளில் தொங்குகிறது: நீங்கள் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தரும் சான்று. குடியேறி இரண்டு வாரத்துக்குள் அதைக் கொண்டுபோய் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லையென்றால் வரி எண் தாமதமாகும், குடியிருப்பு அனுமதிக்கு நேரம் கேட்க முடியாது, சில இடங்களில் பிளாக்டு அக்கவுன்ட் பணமும் வெளியே வராது. தற்காலிக அறை கொடுப்பவர்கள் பலர் இந்தச் சான்றைத் தர மாட்டார்கள். ஆகவே அறை பேசும்போது வாடகைக்கு முன் இதைக் கேளுங்கள். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்’ என்று எழுதுபவர் எவராக இருந்தாலும் மோசடிதான்.

மாணவர் விடுதிக்கு, சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே, சில ஊர்களில் அதற்கு முன்பேகூட, விண்ணப்பிக்கலாம். விசா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வரிசை சில ஊர்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் நீளும்.