காருக்குப் பின்னாடி இருக்கிறதை வெட்டிடாதீங்க

பழைய ரேஸ் டிராக்கை சிம் கேமுக்குள்ள (நிஜ கார் ஓட்டுற மாதிரியே இருக்கிற கம்ப்யூட்டர் கேம்) திரும்ப கட்டுற ஆளுங்களுக்கு இருக்கிற பெரிய தலைவலி என்னன்னா, அந்தக் காலத்துல கேமரா வச்சிருந்த அத்தனை பேரும் காரைத்தான் எடுத்திருக்காங்க. எங்களுக்கு வேணுங்கிறது காருக்குப் பின்னாடி இருக்கிற தந்திக் கம்பம், வீட்டுச் சுவர், வேலி, ரோட்டோர வாய்க்கால். அது எந்த போட்டோவுலயும் பாதிதான் தெரியும், அதுவும் மங்கலா.

ரெண்டு வருஷமா வேலை முடிச்சு வந்து ராத்திரி ப்ளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேரைத் திறந்து நான் பண்ணிட்டு இருக்கிறது 1967ல இருந்த ஸ்பா ரேஸ் டிராக். இப்ப டிவில பாக்குற 7 கிலோமீட்டர் ஸ்பா இல்லீங்க, அது 1979ல சுருக்கினது. பழசு 14 கிலோமீட்டர். பெல்ஜியத்துல ஃபிராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்டாவ்லோ பக்கமா சுத்தி வர்ற சாதாரண பொது ரோடு, மத்த நாள்ல ஊர்க்காரங்க வண்டி ஓட்டிட்டுப் போற அதே ரோட்டுல 1967ல டான் கர்னி தன்னோட ஈகிள் காரை சராசரியா மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேல ஓட்டி ஜெயிச்சாரு. சராசரிங்க அது, லா சோர்ஸ் கொண்டை ஊசி வளைவையும் சேர்த்து.

இதே டிராக் 1998ல வந்த கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் கேம்லயே இருக்கு, அப்புறம் எதுக்கு திரும்பன்னு கேப்பாங்க. அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு அவங்க பண்ணது பெரிய சாதனை, நான் இந்தப் பக்கம் வந்ததே அந்த கேமாலதான். ஆனா இன்னைக்கு நிலத்தோட ஏற்ற இறக்கத்தை லேசர்ல அளந்த டேட்டா இலவசமா கிடைக்குது, பழைய ரோட்டுல பெரும்பகுதி இன்னும் அங்கயே இருக்கு, ஸ்ட்ரீட் வியூல போய் நின்னு பாக்கலாம். பிரச்சனை என்னன்னா லேசர் அளக்கிறது இன்னைக்கு இருக்கிற ரோட்டை. நடுவுல எத்தனை தடவை தார் போட்டிருப்பாங்க, எங்க அகலப்படுத்தியிருப்பாங்கன்னு அது சொல்லாது. அதுக்கு போட்டோதான்.

எப்படின்னு ஒரு உதாரணம் சொல்றேன். போட்டோவுல ஒரு லோட்டஸ் ரேஸ் கார் பக்கவாட்டுல நிக்குதுன்னு வைங்க, அதோட முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு புத்தகத்துல இருக்கு. அதான் ஸ்கேல். எஃப்ஸ்பைங்கிற சாஃப்ட்வேர்ல அந்தப் படத்தைப் போட்டு, கேமரா எந்த இடத்துல எந்தக் கோணத்துல நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சு, அங்கிருந்து ரோட்டோட அகலம், பின்னாடி நிக்கிற கம்பத்தோட உயரம், அடுத்த கம்பம் எத்தனை மீட்டர் தள்ளின்னு ஒண்ணொண்ணா இழுத்துட்டு வரணும். ஒரு கம்பத்துக்கு ரெண்டு ராத்திரி போயிருக்கு. அப்படி வச்ச கம்பம் வேற ஒரு படத்துலயும் சரியா வந்து உக்காரும் பாருங்க, அந்த சந்தோஷத்தை எப்படி சொல்றதுன்னு தெரியல.

அப்புறம் ரோட்டோட முதுகு. மழைத்தண்ணி ஓடணும்னு பொது ரோட்டை நடுவுல மேடா ரெண்டு பக்கமும் சரிவாத்தான் போடுவாங்க, ரேஸ் டிராக் அப்படி இருக்காது. பர்னன்வில்லோட அந்த நீள வலது வளைவுல உள்பக்கமா வெட்டி வரும்போது அந்த முதுகைத் தாண்டணும், தாண்டுற நொடி கார் லேசாகி ஸ்டீயரிங் கைல காத்து மாதிரி ஆயிடும். முதல்ல நான் தட்டையா போட்டு வச்சிருந்தப்ப அது சும்மா ஒரு நீள வளைவு. முதுகை வச்ச பிறகு அதே இடத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன்.

டெஸ்ட் பண்ண ஒரு தம்பி, நல்ல பையன், வேகமா ஓட்டுவான், சொன்னான்: "அண்ணே எல்லாம் சூப்பர்ணே, ஆனா மாஸ்டா கிங்க் வளைவுல அந்த கம்பத்தையும் வீட்டையும் கொஞ்சம் தள்ளி வச்சிடுங்கண்ணே, ரோட்டையும் ரெண்டடி அகலமாக்கினா ஆன்லைன் ரேஸ் நல்லாருக்கும்." தம்பி, அதை மட்டும் பண்ண மாட்டேன். 1966ல முதல் லேப்லயே மழை பிடிச்சுக்கிச்சு, அந்த மாஸ்டா பக்கம்தான் ரேஸ் டிரைவர் ஜாக்கி ஸ்டூவர்ட்டோட கார் பறந்து போய் கம்பத்துல மோதி, ஒரு பண்ணை வீட்டுப் பக்கம் போய் விழுந்துச்சு. பெட்ரோல் காருக்குள்ள கொட்டிட்டு இருக்கு, ஸ்டீயரிங் காலை அழுத்திட்டு இருக்கு, மனுஷன் உள்ள மாட்டிக்கிட்டாரு. கூட ரேஸ் ஓட்டின கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும்தான் வந்து, வேடிக்கை பாக்க வந்தவர்கிட்ட ஸ்பானர் கடன் வாங்கி ஸ்டீயரிங்கைக் கழட்டி வெளிய எடுத்தாங்க. அதுக்குப் பிறகுதான் ஸ்டூவர்ட் டிராக் பாதுகாப்புக்காக வருஷக்கணக்கா போராடினாரு, இன்னைக்கு ரேஸ் ஓட்டுறவங்க உயிரோட வீட்டுக்குப் போறதுல அவருக்குப் பெரிய பங்கு இருக்கு. அந்தக் கம்பத்தை நான் தள்ளி வச்சா அவர் எதுக்குப் போராடினாருன்னு அந்த இடத்தை ஓட்டுற பையனுக்கு எப்படிப் புரியும்? கம்பம் அது நின்ன இடத்துலதான் நிக்கும். ரெண்டு வீட்டுக்கு நடுவுல இடது வலதுன்னு அந்த நெளிவுல காலை எடுக்காம போகணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு.

ஸ்பாவுக்காவது ரோடு மிச்சம் இருக்கு. ஜெர்மனில இருக்கிற ஹாக்கன்ஹைமை நினைச்சுப் பாருங்க. காட்டுக்குள்ள நீளமா போற 6.8 கிலோமீட்டர் டிராக், ரேஸ் டிரைவர் ஜிம் கிளார்க் 1968ல உயிர் விட்ட டிராக், 2002ல சின்னதாக்கினப்ப காட்டுக்குள்ள இருந்த தாரையே பேத்து எடுத்துட்டு மரம் நட்டுட்டாங்க. மரம் வந்தது நல்லதுதான், அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா இனிமே அந்த ரோட்டுல ஓட்டிப் பாக்கணும்னா கேமுக்குள்ள மட்டும்தான் முடியும்.

இதை எழுதுறதுக்குக் காரணம் நம்ம சோழவரம். சென்னைக்கு வடக்க, ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதைல பல வருஷம் ரேஸ் நடந்துச்சு, 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு அது பழங்கதை ஆயிடுச்சு. அடுத்து அதைக் கட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. ஓடுபாதைங்கிறதால மேடு பள்ளம் கிடையாது, சுலபம்னு தோணும். ஆனா அளவுக்கு அடையாளமா பிடிச்சுக்க வீடு இல்ல, வாய்க்கால் இல்ல, மலை இல்ல. எங்க பிரேக் பிடிச்சாங்க, கூட்டம் எதுவரைக்கும் நின்னுச்சு, வளைவுல என்ன அடுக்கி வச்சிருந்தாங்கன்னு எல்லாமே படத்தைப் பாத்துத்தான் எடுக்கணும்.

எங்க சித்தப்பா சின்ன வயசுல அங்க போய் ரேஸ் பாத்தவர். போன மாசம் ஆல்பத்தை எடுத்துக் காட்டினாரு. கருப்பு வெள்ளைல ஒரு கார், டிரைவர் தலை சாய்ஞ்சிருக்கிறது கூட தெளிவா தெரியுது. ஆனா ஆல்பத்துல ஒட்ட இடம் பத்தலன்னு காரைச் சுத்தி கத்திரியால வெட்டி ஒட்டியிருக்காரு. பின்னாடி என்ன இருந்துச்சு சித்தப்பான்னு கேட்டேன். "ஆளுங்க நின்னாங்க, ஒரு ஓலைக் கொட்டாய் இருந்துச்சு, அது எதுக்குடா உனக்கு"ன்னாரு. அந்தக் கொட்டாய்தாங்க எனக்கு வேணும்.

உங்க வீட்ல அப்பாவோ மாமாவோ தாத்தாவோ சோழவரத்துல எடுத்த படம் ஏதாவது இருந்தா, கார் மங்கலா இருந்தாலும், கார் ஃபிரேம்ல இருந்தே வெளிய போயிருந்தாலும், வெறும் கூட்டமும் வானமும் மட்டும் இருந்தாலும் பரவால்ல, முழுசா ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. பின்பக்கம் பேனாவுல ஏதாவது எழுதியிருந்தா அதையும் ஒரு படம் எடுத்துடுங்க. இன்பாக்ஸ் திறந்துதான் இருக்கு.