குலசைக்கு ரயில் புதுசில்லை

நம்மூரில் ஜங்ஷன் என்று சொல்ல ரயிலே வேண்டாம், நாலு ரோடு கூடி ஒரு டீக்கடை இருந்தால் போதும். ஆனால் நிஜமாகவே இரண்டு ரயில் பாதை சேர்ந்த திருச்செந்தூரை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டாவதாக ஒரு பாதை இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி ஒரு சீனி ஆலை நடத்தியது. கரும்புச் சீனி இல்லை, பதநீரிலிருந்து எடுக்கிற பனஞ்சீனி. அந்த ஆலையை நம்பித்தான் திசையன்விளையிலிருந்து உடன்குடி, குலசை வழியாகத் திருச்செந்தூருக்கு 1915 முதல் 1940 வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. தண்டவாள இடைவெளி இரண்டே அடி, சின்னப் பிள்ளைகூட ஒரே எட்டில் தாண்டிவிடும். 1923-இல் திருநெல்வேலியிலிருந்து மீட்டர் கேஜ் பாதையும் திருச்செந்தூருக்கு வந்தது.

உடன்குடியில் எங்கள் ஆச்சி வீட்டுத் தொழுவத்துக்கு உத்திரமே அந்தத் தண்டவாளத் துண்டுதான். துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும், கையை வைத்தால் தேரிச் செம்மண் நிறம் ஒட்டிக்கொள்ளும். நான் குனியாமல் உள்ளே போனால் ஆச்சி, "ஏல, சீனி வண்டிக் கம்பில, தலைய இடிச்சிராத" என்பாள்.

போன வருஷம் ஊட்டி ரயிலில் போகும்போது அருவங்காட்டைப் பார்த்தேன். பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் மருந்து செய்கிற கார்டைட் ஆலை, 1904-இல் ஓட ஆரம்பித்தது. 1908-இல் ரயில் அந்த வழியாக ஊட்டிக்கு ஏறியது. இரண்டு உலகப் போருக்கும் மருந்து போன இடம், ஆலையும் இருக்கிறது, ஸ்டேஷனும் இருக்கிறது. வெடிமருந்துக்கு இருந்த யோகம் பதநீருக்கு இல்லை, அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

அப்புறம் யோசித்தால் அதுவும் முழுக்கச் சரியில்லை. இரண்டாவது உலகப் போருக்காகத்தான் கேரளத்து நிலம்பூர் ரயில் பாதையையும் தேனிப் பக்கத்துப் போடி பாதையையும் பெயர்த்தெடுத்தார்கள். போர் முடிந்து, 1954 வாக்கில் இரண்டையும் திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே கேட்க ஆள் இருந்தது. நம்ம பக்கம் 1940-இல் நின்றது நின்றதுதான்.

இப்போது குலசை என்றால் தசரா, கொஞ்சம் வயதானவர்களுக்கு 1942-இல் வெள்ளைக்கார உப்பு அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கு, 2024 பிப்ரவரியில் இஸ்ரோ ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு ராக்கெட். கிழக்குக் கடற்கரை ரயில் பாதை வேண்டும் என்று பேசுகிறவர்களும், ஏதோ ரயிலையே பார்க்காத ஊருக்குக் கேட்பதுபோலக் கெஞ்சுகிறார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல். சலுகையாக எதற்குக் கேட்க வேண்டும்? இருந்ததைக் கேளுங்கள், எந்த வருஷம் ஓடியது, எந்த வருஷம் நின்றது என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதிக் கேளுங்கள்.

ஆச்சி வீட்டை இடித்தபோது பழைய இரும்புக்காரர் அந்தக் கம்பிக்கு எடை போட வந்தார். கொடுக்கவில்லை. இப்போது சித்தப்பா வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது, சித்தி வாரம் ஒரு தடவை திட்டுகிறாள். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் யார் வீட்டிலாவது இதேபோல உத்திரமோ தூணோ இருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள்.