விக்ராந்த் ஒன்பது வருடம் சும்மா நிற்கவில்லை
‘விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 2013லேயே ரெடி, 2022 வரை கொச்சியில் சும்மா நிறுத்தி வைத்தார்கள்’ என்று மேலே எழுதியிருக்கும் அண்ணே, அது தப்பு. 2013 ஆகஸ்டில் கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள், அவ்வளவுதான். எங்கள் ஒத்தக்கடைப் பக்கம் தளம் போட்டதுமே பால் காய்ச்சிவிடுவோமா என்ன, வயரிங், பிளம்பிங், பூச்சு எல்லாம் அப்புறம்தானே? இந்தக் கப்பலில் கேபிள் மட்டுமே 2,000 கிலோமீட்டருக்கு மேல். கடல் சோதனை ஓட்டமே 2021 ஆகஸ்டில்தான் தொடங்கியது, 2022 செப்டம்பர் 2ல் கடற்படையில் சேர்ந்தது. தாமதம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது 2009ல் அடிக்கட்டை (கப்பலின் முதுகெலும்பு மாதிரி) போடும் முன்பே ஆரம்பித்த கதை: ரஷ்ய எஃகு கிடைக்காமல், ஹைதராபாத்தில் உள்ள டிஎம்ஆர்எல் என்ற பாதுகாப்புத் துறை உலோக ஆய்வகமும் செயில் என்ற அரசு எஃகு நிறுவனமும் சேர்ந்து இங்கேயே உருவாக்க வேண்டியிருந்தது.