முதலில் நிலம், பிறகு பொட்டு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாளான ஜூலை 30 வந்தால் அவர் படம் எல்லார் பக்கத்திலும் வந்துவிடுகிறது. கூடவே, தேவதாசி முறைக்கு வக்காலத்து வாங்கிய ஒருவரைச் சட்டசபையிலேயே ஒரே வாக்கியத்தில் வாயடைக்க வைத்தார் என்ற கதையும் வருகிறது. அந்த வாக்கியம் ஆளுக்கொரு வடிவத்தில் சுற்றுகிறது; "அவ்வளவு நல்லதென்றால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்" என்பது அதன் சாரம். அதைப் பகிர்கிறவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான் உண்டு. அவர் சட்டமேலவையில் இருந்தது ஏறக்குறைய மூன்றரை ஆண்டு. அதற்குள் செய்துமுடித்த வேலையை அந்த ஒரு வாக்கியம் மறைத்துவிடுகிறது.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912இல் மருத்துவரானவர். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் ஓட்டுரிமை கிடைத்தாலும், மேலவையில் உட்காரும் உரிமை 1926இல்தான் வந்தது. இவர் நியமன உறுப்பினராக உள்ளே போனார். 1927இல் அவையே ஒருமனதாகத் துணைத்தலைவராக்கியது. தாயார் சந்திரம்மாள், தேவதாசிகள் பலர் வந்த இசை வேளாளர் குலத்தவர். தேவதாசி முறை குடும்பங்களை எப்படிப் பிடித்துவைத்திருந்தது என்பது இவருக்குக் கேள்வி ஞானமில்லை.

1927 நவம்பரில், சிறுமிகளைச் சாமிக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில், சிறுமிகளைத் தவறான தொழிலுக்கு விற்பதையும் வாங்குவதையும் தண்டிக்கும் 372, 373ஆம் பிரிவுகள் ஏற்கெனவே இருந்தன, 1924இல் வயது வரம்பும் 16லிருந்து 18 ஆனது. இருந்தும் வழக்கு நிற்காது. சிறுமியைத் தவறான தொழிலுக்கு விடும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். "சாமிக்கு நேர்ந்துவிட்டோம்" என்று பெற்றவர்கள் சொன்னால் அந்த நோக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

அவருடைய சாமர்த்தியம் அடுத்த அடியில்தான் தெரிகிறது. பொட்டுக்கட்டு என்பது பார்வைக்கு ஒரு சின்னச் சடங்கு. சாமி பெயரால் கழுத்தில் ஒரு தாலி ஏறும், அவ்வளவுதான். ஆனால் பல கோயில்களில் அந்தத் தாலிக்குப் பின்னால் மானிய நிலம் இருந்தது. கோயில் ஊழியம் செய்யும்வரைதான் அனுபவிக்கலாம். ஊழியம் செய்கிறவளுக்கு வயதானால், மகளுக்கோ தத்தெடுத்த பெண்ணுக்கோ பொட்டுக்கட்டியாக வேண்டும். இல்லையென்றால் நிலம் வீட்டைவிட்டுப் போய்விடும். அடுப்பெரிவது அந்த நிலத்தால் என்றால், எந்தத் தாய்க்கு உபதேசம் ஏறும்?

அதனால் முதலில் நிலத்தில் கைவைத்தார். இந்து அறநிலையச் சட்டத்துக்கு 1929இல் அவர் கொண்டுவந்த திருத்தம் 44-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நிலமோ, அதன் வரி வருமானம் மட்டுமோ மானியமாக இருந்தால், அதிலிருந்து ஊழிய நிபந்தனையைக் கழற்றிவிட வேண்டும். நிலம் அனுபவிக்கிறவர் கையிலேயே இருக்கும், அதன்மேல் ஒரு தொகை விதிக்கப்படும். அதன்பின் ஊழியத்துக்கு வா என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சடங்கை ஒரு வார்த்தை திட்டாமல், அதைப் பிடித்து நிறுத்தியிருந்த முளையையே பிடுங்கிய சட்டம் இது. மதத்தில் தலையிடுகிறார்கள் என்ற கூச்சலுக்கும் இதில் அதிகம் பிடி கிடையாது.

குறையும் இருந்தது. மானியமே இல்லாத பெண்ணுக்கு இந்தச் சட்டத்தால் ஒன்றுமில்லை. பொட்டுக்கட்டுவது குற்றம் என்றும் இது சொல்லவில்லை. சமஸ்தானமாக இருந்ததால் அவர் பிறந்த புதுக்கோட்டையிலேயே இது செல்லாது! எதிர்த்து மனுக் கொடுத்தவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிக் கலைஞர்களும் உண்டு. கலையும் சொத்துரிமையும் சேர்ந்தே போய்விடும் என்பது அவர்கள் பயம். பெண்வழியாகச் சொத்து இறங்குவதும், பெண்ணைத் தத்தெடுப்பதும் அந்தக் குடும்பங்களின் வழக்கம். அந்தப் பயத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது அநியாயம் என்பதே என் கருத்து.

1930இல் பொட்டுக்கட்டையே தடைசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். தனி உறுப்பினர் மசோதா என்றால் பொதுமக்கள் கருத்துக்கு அனுப்பி, குழு பார்த்து, மறுபடி அவைக்கு வந்து ஓட்டெடுப்பு நடக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அதைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த ஆண்டே காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டார். மசோதா அப்படியே நின்றுபோனது. அவர் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் தோன்றும். ஆனால் பதவி போனாலும் வேலையை விடவில்லை. பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்து, விடுதிகளில் இடம் கிடைக்காத பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான் அவ்வை இல்லம்.

தடைச் சட்டம் 1947இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் வந்தது. பொட்டுக்கட்டினால் ஆறு மாதம்வரை சிறை, 500 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டம், ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம், அது செல்லும் என்று எழுதிவைத்தது.