அப்பாயியைக் கூட்டிட்டுப் போன மூணாவது ஷோ

போன வாரம் ஆபீஸ்ல பேச்சுவாக்குல பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை நான் தியேட்டர்ல நாலு தடவை பாத்தேன்னு சொன்னேன், உடனே ஒருத்தங்க "அதான் பிரைம்ல வந்துருச்சே, எதுக்கு இவ்ளோ காசு, இவ்ளோ அலைச்சல்"னு கேட்டாங்க. அங்க ரெண்டு வரில சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

2022 செப்டம்பர் 30 வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ். மறுநாள் சனிக்கிழமை ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேரா சென்னைல போனோம். அதுல ரெண்டு பேரு நாவலைத் தொட்டதே இல்ல, நான் ஸ்கூல் படிக்கிறப்ப முதல் பாகம் புது வெள்ளம் மட்டும் படிச்சுட்டு விட்டவ. படம் பூரா "இவரு பெரிய பழுவேட்டரையரா சின்னவரா, அருள்மொழிதான் பின்னாடி ராஜராஜனா"ன்னு காதுக்குள்ள கேட்டுட்டே இருந்தாங்க, எனக்கும் பாதி பதில் தெரியல. ஆனா படம் முடிஞ்சு வெளிய வந்ததும் எனக்கு ஒரே ஒரு நெனப்புதான், அப்பாயி இதைப் பாக்கணும்.

எங்க ஊரு கும்பகோணம் பக்கம். நாவல்ல அரிசிலாறுன்னு வருதே, அதே அரசலாத்துத் தண்ணி பாயுற ஊரு. குந்தவை இருந்த பழையாறை எங்களுக்கு பஸ்ல போயிட்டு வர்ற தூரம். அப்பாயிக்கு அப்ப எண்பது வயசு. கல்கி பத்திரிகைல 1950ல இந்தக் கதை தொடரா ஆரம்பிச்சப்ப அவங்க எட்டு வயசுப் பொண்ணு, அவங்க அண்ணன் திண்ணைல உக்காந்து சத்தமாப் படிப்பாராம், தெருவே கேக்குமாம். அந்தப் பக்கங்களை வாராவாரம் கிழிச்சுச் சேத்து கோணி தைக்கிற ஊசில தச்சு வச்சிருந்தாங்க, மணியம் வரைஞ்ச படத்தோட. கல்யாணம் ஆகி வர்றப்ப புடவைக்கு நடுவுல வச்சு எடுத்துட்டு வந்தது அது. நான் சின்னப் புள்ளைல அதைத் தொட்டா அடி விழும், ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி பொடியும். இந்தக் கதையை எம்.ஜி.ஆர் படமா எடுக்கப் போறார்னு சொன்ன காலத்துல இருந்து காத்துட்டு இருந்த ஆளு அவங்க. அவரால முடியாம போச்சு, அப்புறமும் எத்தனையோ பேச்சு வந்து நின்னு போச்சு, கடைசில மணிரத்னம் எடுத்து வர்றப்ப அப்பாயிக்கு முட்டி ரெண்டும் போயாச்சு.

ரெண்டாவது தடவை வீட்டுக்காரரும் பொண்ணும். அவளுக்கு கார்த்தி குதிரைல வர்றதும் பொன்னி நதி பாட்டும் போதும், மத்த அரசியல் எதுவும் வேணாம். அதைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, நல்லா இருந்துச்சு.

மூணாவதுதான் நான் சொல்ல வந்தது. ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனப்ப "அப்பாயி, வர்றியா"ன்னு கேட்டேன். வேணாம், படியேற முடியாது, சத்தம் ஆகாது, நடுவுல எழுந்து போகணும்னா என்ன பண்றதுன்னு ஆயிரம் சொன்னாங்க. கடைசியா தியேட்டருக்குப் போனது எப்பன்னு அவங்களுக்கே ஞாபகம் இல்ல. மறுநாள் காலைல பாத்தா குளிச்சு, காஞ்சிப் பட்டு கட்டி, காதுல வைக்க பஞ்சு உருட்டி முந்தானைல முடிஞ்சு ரெடியா உக்காந்திருக்காங்க. காலைல இருந்து ஒரு வாய் தண்ணி கூட குடிக்கலன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். படம் ரெண்டே முக்கால் மணி நேரம், நடுவுல பாத்ரூம் போக வந்துருமோன்னு பயம். அது தெரிஞ்சப்ப எனக்கு நெஞ்சை அடைச்சுருச்சு. ஒரு எண்பது வயசு மனுஷி தனக்குப் பிடிச்ச கதையைப் பாக்கறதுக்கு தாகத்தை அடக்கிட்டு வரணுமா?

தியேட்டர் பேரு வேணாம். லிஃப்ட் இல்ல, படிக்கட்டுல ஒரு பக்கம் மட்டும்தான் கைப்பிடி, அதுவும் பாதில முடிஞ்சு போகுது. நானும் தம்பியும் ஆளுக்கொரு கையப் புடிச்சு இருபத்தெட்டு படி, எண்ணிட்டே ஏறினாங்க. டிக்கெட் கிழிக்கிற பையன் தானா ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிட்டு வந்து நடுவுல போட்டு "உக்காந்துட்டு மெதுவா வாங்க பாட்டி, படம் போட இன்னும் பத்து நிமிஷம் இருக்கு"ன்னான். அவன் நல்லா இருக்கணும்.

படம் ஆரம்பிச்சதும் அப்பாயி முகம் சுருங்கிப் போச்சு. "என்னடி இது, எடுத்ததும் சண்டை. ஆடிப்பெருக்கன்னைக்கு வீராணம் ஏரிக்கரைலல்ல கதை ஆரம்பிக்கும்"னாங்க. அப்புறம் வந்தியத்தேவன் கிளம்பி காவிரியும் பச்சை வயலும் வந்ததும் அமைதி ஆயிட்டாங்க. காதுல இருந்து பஞ்சை எடுத்துட்டாங்க. ஜெயராம் ஆழ்வார்க்கடியானா வந்தப்ப வாய்விட்டு சிரிச்சாங்க, முன்குடுமியும் தொந்தியும் சரியா இருக்காம்.

நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் வர்ற சீன். ஐஸ்வர்யா ராயும் திரிஷாவும் எதிரெதிரா நடந்து வர்றாங்க, தியேட்டரே விசில். அப்பாயி என் மணிக்கட்டைப் புடிச்சாங்க பாருங்க, அவங்க மோதிரம் அழுந்தின தடம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் இருந்துச்சு. "இப்ப பாரு, ரெண்டு பேரும் சிரிப்பாளுங்க, உள்ள பூரா கத்தி"ன்னு சொன்னாங்க. அவங்களுக்கு அது ரகசியமாச் சொன்னது, காது கொஞ்சம் மந்தம்ங்கறதால மூணு வரிசைக்குக் கேட்டுருச்சு. பின்னாடி காலேஜ் பசங்க நாலு பேரு, யாராவது முகம் சுளிப்பாங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள திக்குன்னு இருந்துச்சு. அதுல ஒரு பையன் குனிஞ்சு "பாட்டி, அடுத்து என்ன ஆகும்"னான். "சொல்ல மாட்டேன், படிச்சுத் தெரிஞ்சுக்க"ன்னுட்டாங்க!

ஆனா கடைசில அவங்களாலயே அடக்க முடியல. கடல் கொந்தளிக்குது, கப்பல் போச்சு, அருள்மொழியும் வந்தியத்தேவனும் போயிட்டாங்கன்னு நெனைக்கிறோம், தண்ணிக்குள்ள ஒரு உருவம் நீந்தி வருது. முகம் தெரியறதுக்கு முன்னாடியே அப்பாயி "மந்தாகினி"ன்னாங்க. சத்தமா. அதுக்கப்புறம்தான் திரைல அந்த முகம். பின்னாடி பசங்க படத்துக்குத் தட்டினாங்களா அப்பாயிக்குத் தட்டினாங்களா தெரியல, ரெண்டுக்கும்னுதான் எனக்குத் தோணுது. இதே படத்தை ரெண்டு தடவை பாத்திருக்கேன், அந்த முகத்தைப் பாத்து அவ யாரு, ஏன் நந்தினி ஜாடைன்னு குழம்பியிருக்கேன். எழுபது வருஷமா மந்தாகினிங்கற அந்த ஊமை ராணியைத் தெரிஞ்ச ஒருத்தங்க பக்கத்துல இருந்தப்பதான் அந்த சீனோட கனம் எனக்குப் புரிஞ்சுது.

இதை வீட்டு டிவில எப்படிங்க பாக்கறது? ட்ரை பண்ணோம். குக்கர் விசிலடிக்கும், யாராவது வந்து கதவைத் தட்டுவாங்க, பொண்ணு பாஸ் பண்ணிட்டு ஓடுவா, அப்பாயி அரை மணி நேரத்துல தூங்கிட்டாங்க. தியேட்டர்ல ஒரு நிமிஷம் கண்ணை மூடாத அதே ஆளு.

நாலாவது தடவை அம்மாவோட. பூஜையன்னைக்கு வீட்டைப் பாத்துக்க யாராவது வேணும்னு அம்மா வரல, எங்க வீட்ல எப்பவும் வராம நிக்கிறது அம்மாதான். அடுத்து நான் ஊருக்குப் போறதுக்குள்ள மூணு வாரம் ஆயிருச்சு, படம் ஒரே ஒரு ஷோவுக்குச் சுருங்கிருச்சு, அதுவும் ராத்திரி ஷோ. போயிட்டு வந்தோம், ஆனா நவம்பர் 4ஆம் தேதி ஓடிடில வந்ததும் அதுவும் போச்சு.

என் வருத்தமே இதுதான். ரிலீஸ் அன்னைக்கே ஓடிப்போய் பாக்க முடியறவங்க நாம. வயசானவங்க, வீட்டை விட்டு நகர முடியாத அம்மாக்கள், அறுப்பு நடவு முடிஞ்சாத்தான் வெளிய வர முடியற ஜனங்க, இவங்க யாரும் முதல் வாரம் வர மாட்டாங்க. நாம ஒரு தடவை பாத்துட்டு வந்து, நல்லா இருக்குன்னு சொல்லி, மனசைக் கரைச்சு, லீவு பாத்து, ஆட்டோ பேசிக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள படத்தைத் தூக்கிடறாங்க. அந்தக் காலத்துல நூறு நாள், வெள்ளி விழான்னு ஓடினப்ப எங்க தெருவுல எல்லாருக்கும் ஒரு முறை வந்துச்சு, இப்ப வேகமா ஓடுறவங்களுக்கு மட்டும்தான் தியேட்டர்னு ஆயிருச்சு. அப்ப சென்னை மல்டிபிளெக்ஸ்ல ஒரு டிக்கெட் 190 ரூபா இருந்துச்சு, புக்கிங் சார்ஜ் தனி, பாப்கார்ன் விலை கேக்கவே வேணாம். எனக்கும் அது சுலபமான காசு இல்ல. ஆனா ரெண்டாவது மூணாவது தடவை நான் குடுத்த காசு எனக்காகக் குடுத்தது இல்ல, அதனால அது செலவுக் கணக்குல வராது. தியேட்டர்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு, அந்தக் கைப்பிடியை மேல வரைக்கும் போடுங்க, மேல்மாடில ஒரு நல்ல பாத்ரூம் வைங்க.

2023 ஏப்ரல் 28 ரெண்டாம் பாகம் வந்துச்சு. இந்தத் தடவை நான் கேக்கவே வேண்டியிருக்கல, அப்பாயியே தம்பிக்கு ஃபோன் போட்டு "டிக்கெட் எடுத்தாச்சா"ன்னு கேட்டிருக்காங்க. அன்னைக்கு தண்ணி குடிச்சுட்டு வரணும்னு சத்தியம் வாங்கிட்டு, ஓரத்து சீட்டா பாத்து கீழயே எடுத்தோம். படம் பூரா நல்லா பாத்தாங்க, ஆதித்த கரிகாலன் சாகுற எடத்துல அழுதாங்க. திரும்பி வர்றப்ப ஆட்டோல ஒரு வார்த்தை பேசல. காவிரிப் பாலம் தாண்டினதும் மெதுவா என் பக்கம் சாஞ்சு, "சேந்தன் அமுதனுக்குப் பட்டம் கட்டுற எடத்துல நான் கண்ணசந்துட்டேன் போலருக்குடி, நீயாவது எழுப்பியிருக்கலாம்ல"ன்னாங்க.

நாவல்ல இருக்கிற அந்த முடிவு படத்துல இல்ல. தம்பி என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன்.

"சரி அப்பாயி, ஞாயித்துக்கிழமை திரும்பப் போவோம்"னு சொன்னேன். போனோம்.